சவுக்கு முடக்கு உடைந்தால் பிறகு என்ன

தேயிலை சலிக்கும் அறையில் ஒன்பது வருடம் நின்றதில் வீரம்மாவுக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, இழுப்பு நோய். மற்றது, தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றால் அடுத்து எது நிற்கும் என்பதைக் காதாலேயே கண்டுகொள்ளும் பழக்கம். வாட்டும் தட்டில் காற்றாடி நின்றால் எத்தனை மணிக்குக் கொழுந்து புளிக்கும், உருட்டும் மெசின் நின்றால் அடுப்புக்காரர் எப்போது விறகை இழுத்து வெளியே போடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அறையைவிட்டு வெளியே வருவதற்குள் அவள் தன் சல்லடையைத் துடைத்து வைத்திருப்பாள். "உனக்கு யாருடி சொன்னா?" என்று மற்றப் பெண்கள் கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

1994இல் டாக்டர் அவளது நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இனித் தூசுப் பக்கமே போகக்கூடாது என்றார். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. கணவன் கந்தப்பன் தோட்டத்து லொறி ஓட்டுபவர், வாரத்துக்கு இரண்டு தடவை கொழும்புக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போவார். வீட்டில் சும்மா இருக்க வீரம்மாவால் முடியவில்லை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள், சிங்களமும் தடையில்லாமல் பேசுவாள். அடுத்த வருடம் மலைநாட்டு நோர்வூட் கடைவீதியில், பேக்கரிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஓர் இடம் பிடித்துத் தொலைபேசிக் கடை திறந்தாள். ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, கண்ணாடி அடைத்த ஒரு கூண்டு. ஊரார் அதைக் 'கொமினிக்கேசன்' என்றார்கள்.

அந்த நாளில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் யார் வீட்டிலும் தொலைபேசி கிடையாது. கொழும்பில் வேலைசெய்யும் மகனோடு பேச வருகிறவர்கள், கொழுந்து லொறி வரவில்லையென்று அலறும் தோட்டத்துக் கிளாக்கர், ஆஸ்பத்திரி வாகனம் கேட்டு ஓடிவருகிறவர்கள் என்று எல்லோருக்கும் அந்தக் கூண்டுதான். வருகிறவர்கள் பேசிவிட்டுப் போகும்போது அவளிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். பஸ் வருமா? கரண்ட் எப்போது வரும்? பாதை திறந்தாச்சா? கடைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள்.

தெரியாது என்று சொல்ல வீரம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடுபோட்டுப் பிரித்தாள். இடது பக்கம் 'நடந்தது', வலது பக்கம் 'பிறகு'. காலை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பிறகு, பத்தரைக்கு மேல்தோட்டத்து டீமேக்கர் ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு அட்டன் நகருக்குப் பேசினார். அட்டனிலிருந்து டீசல் பவுசர் தோட்டத்துக்குப் போனது. பிறகு, தொலைபேசி நிலையத்துக்கு டீசல் வரவில்லை. பிறகு, மூன்றரைக்கு அவளது இரண்டு தொலைபேசிகளும் செத்தன. பிறகு, ஐந்து மணிக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கொழுந்து லொறியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கரண்ட் போனதற்கும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சி லொறியில் போனதற்கும் நடுவே எட்டு மணித்தியாலம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிய ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் அவள் ஒருத்திதான். 1996இல் வறட்சி வந்து நாடு முழுக்க மின்வெட்டு நடந்த மாதங்களில் மட்டும் மூன்று கொப்பி முடிந்தது. எட்டு வருடத்தில் பதினாறு சேர்ந்தன.

2003இல் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. ஓர் அமைச்சின் திட்டப் பிரிவு. வீதி, மின்சாரம், குடிநீர், தொலைபேசி நான்கையும் சேர்த்து அடுத்த இருபது வருடத்துக்குத் திட்டம் போடுகிறார்களாம். மலைநாட்டில் பரீட்சித்துப் பார்க்க அட்டனிலிருந்து நோர்வூட் வரையான பாதையை எடுத்திருந்தார்கள். வேனில் வந்த பொறியியலாளர் சஞ்சயன், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தொரு வயது, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். அந்தப் பாதையிலுள்ள பெரிய பாலத்தடியில் மூன்று நாள் நின்று வாகனங்களை எண்ணினார். நாலாம் நாள் கொழும்புக்குப் பேசுவதற்காக வீரம்மாவின் கடைக்குள் வந்தார்.

பேசி முடித்துவிட்டு வெளியே வந்தவரின் கண் மேசைமேல் திறந்திருந்த கொப்பியில் பட்டது.

"அக்கா, இது என்ன எழுதுறனீங்கள்?"

"அதுவாங்க சேர்? ஆளுங்க வந்து கேப்பாங்க, பஸ்ஸு வருமா, கரண்டு வருமான்னு. எனக்கு என்னா தெரியும். அதனால எழுதி வச்சேன். ஒண்ணு நடந்தா அடுத்தது எது நடக்கும்னு இதுல இருக்கு."

சஞ்சயன் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் படித்தார், இன்னொரு பக்கம் படித்தார். வெளியே வேன் சாரதி இரண்டு தடவை ஹோன் அடித்தும் எழும்பவில்லை.

"நான் படிச்ச பாடத்தில இதுக்கு ஒரு பேர் இருக்கு. சிக்கல் அமைப்புகள் எண்டு சொல்லுவினம். ரோட்டைப் பற்றி ஒராளுக்கு நல்லாத் தெரியும், கரண்டைப் பற்றி இன்னொராளுக்குத் தெரியும். ஆனா ரெண்டும் சேர்ந்து என்ன செய்யும் எண்டு ரெண்டு பேருக்குமே தெரியாது. சின்ன ஒண்டு உடைஞ்சா, தொடர்பே இல்லாத எங்கையோ பெருசா ஒண்டு விழும்."

"தொடர்பு இல்லாமயா சேர் விழும்? தொடர்பு நமக்குத் தெரியாது, அவ்வளவுதானே."

அவர் சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்ததில் இந்தப் பாதையின் உயிர்நாடி பெரிய பாலம்தான் என்று வந்திருக்கிறது, அதிக வாகனம் அதன்மேல்தான் போகிறது, ஆகவே முதல் வேலையாக அதை அகலமாக்கிக் கட்டப்போகிறோம் என்றார். புதிய மின்கம்பி, தொலைபேசிக் கேபிள், தண்ணீர்க்குழாய் மூன்றையும் பாதையோரமாகவே ஒன்றாகக் கொண்டுவரப் போகிறார்கள். ஒரே தடவை தோண்டினால் போதும்.

வீரம்மா வரைபடத்தில் விரலை ஓடவிட்டாள். டிக்கோயாவைத் தாண்டி, சவுக்கு மரங்கள் நிற்கும் ஒரு கூர் வளைவில் நிறுத்தினாள். ஊரார் அதைச் சவுக்கு முடக்கு என்பார்கள். கீழே ஒரு சின்ன மதகு.

"இங்கயும் மூணும் ஒண்ணாத்தான் வருதா?"

"ஓம். பாதை அதுவழியாத்தானே."

"சேர், பெரிய பாலம் வெள்ளைக்காரன் கட்டினது. நான் பொறந்ததுலருந்து அது ஒரு நாள் ஆடினதில்ல. இந்த மதகு எட்டு வருசத்துல ஏழு தடவ அடைச்சு, மேல மண்ணு சரிஞ்சிருக்கு. நீங்க ரோட்டு, கரண்டு, போன், தண்ணி நாலையும் கொண்டுபோயி அந்த மண்ணுக்குக் கீழயே படுக்க வைக்கிறீங்க."

சஞ்சயனுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் கொப்பியை மூடவில்லை. "அந்த மதகு முழுசா உடைஞ்சா பிறகு என்ன நடக்கும் எண்டு நீங்கள் சொல்ல ஏலுமே?" என்று கேட்டார்.

வீரம்மா யோசிக்க நேரம் எடுக்கவில்லை. காலையில் உடைந்தால் கரண்ட் கம்பமும் சேர்ந்து விழும்; அன்று மாலை நாலு மணியளவில் தொலைபேசி சாகும், நிலையத்துப் பட்டறி அவ்வளவுதான் தாங்கும். இரண்டாம் நாள் மூன்று தொழிற்சாலையும் நிற்கும், தோட்டத்தில் கொழுந்து எடுக்கமாட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அவர் ஒவ்வொன்றையும் எழுதி, கீழே தேதி போட்டு, அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

"சரி வருதா பிழைக்குதா எண்டு பாப்பம், அக்கா."

"பாருங்க சேர். நான் இங்கதான் இருப்பேன்."

அந்த வருடம் மதகு தாங்கியது. அடுத்த வருடம் ஆனி மாதத்தில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. நாலாம் நாள் காலை ஏழு மணிக்குச் சவுக்கு முடக்கு, மரங்களோடும் மின்கம்பங்களோடும் ஆற்றுப் பக்கம் இறங்கியது. மதகு இருந்த இடத்தில் இருபதடிப் பள்ளம். நல்ல வேளையாக முதல் பஸ் தாண்டிப் போயிருந்தது, இரண்டாவது இன்னும் வரவில்லை.

மாலை நாலு பத்துக்கு வீரம்மாவின் தொலைபேசிகள் இரண்டும் செத்தன. பத்து நிமிடம்தான் பிசகு. அவளுக்கு உள்ளூர ஒரு பெருமிதம். அதை நினைத்து உடனே கூசவும் செய்தாள், ஏனென்றால் மூன்றாம் நாளைப் பற்றித் தான் என்ன சொல்லியிருந்தாள் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு மேல்தோட்டத்துக்கு ஏறினாள். தொழிற்சாலை நின்றிருக்கும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வேலையில்லாமல் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தாள். களம் காலியாக இருந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து புகை வந்தது. மேலே, மலை முதுகில், ஆட்கள் வரிசையாக நின்று கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் அழகுமுத்து மண்வெட்டியோடு நின்றார். "வா வீரம்மா. ஒன் வீட்டுக்காரர்தான் இந்த வேலையைக் கௌப்பிவிட்டாரு" என்றார்.

விஷயம் இதுதான். கந்தப்பனின் லொறி பள்ளத்துக்கு நோர்வூட் பக்கம் மாட்டிக்கொண்டது. லொறியை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்க அவருக்கு மனமில்லை. மலை முதுகின்மேல் தேயிலைக்குள்ளால் ஒரு தோட்டத்துப் பாதை போகும், அந்தப் பக்கம் அடுத்த தோட்டத்தின் பாதையைத் தொட்டு, டிக்கோயா வீதியில் இறங்கும். பாவனை இல்லாமல் புல் மண்டிக் கிடந்தது. நடுவில் ஒரு இடத்தில் இரண்டு தோட்டத்துக்கும் எல்லைக் கம்பிவேலி. முதல் நாள் மாலையே அவரும் இன்னும் இரண்டு சாரதிகளும் நடந்து பார்த்துவிட்டு, அழகுமுத்துவிடம் வந்து டிராக்டர் போகும் என்று சொன்னார்கள். அவர் இரண்டு தோட்டத்துத் துரைகளிடமும் பேசினார். வேலியை அவிழ்த்தார்கள். மூன்று தோட்டத்து ஆட்கள் விடியுமுன்பே வந்து குழிக்குக் கல் போட்டார்கள். ஜெனரேட்டர் உள்ள ஒரே தொழிற்சாலைக்கு மற்ற இரண்டு தோட்டமும் கொழுந்தை அனுப்புவதென்று டீமேக்கர்கள் மூவரும் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

வீரம்மாவின் கொப்பிகளில் உடைந்தது எல்லாம் இருந்தது. உடைந்த பிறகு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது இல்லை. அந்த நேரத்தில் யாரும் தொலைபேசிக் கூண்டுக்கு வருவதில்லையே.

அப்போது கீழிருந்து ஒரு டிராக்டரும் மேலிருந்து ஒரு டிராக்டரும் ஒரே வளைவில் முட்டிக்கொள்வதுபோல் வந்து நின்றன. பாதை ஒற்றை அகலம். யார் பின்னால் போவது என்று சாரதிகள் வாய்ச்சண்டை போட்டார்கள். வீரம்மா குடையை மடக்கிக்கொண்டு நடுவே போய் நின்றாள்.

"மேல இருந்து வாறவரு பின்னுக்குப் போங்க. இனிமே காலையில பத்து வரைக்கும் மேல ஏறுறது மட்டும். பத்துலருந்து ரெண்டு வரைக்கும் எறங்குறது. ஆஸ்பத்திரி சாமான் எந்த நேரமும் போலாம். நான் இங்க உக்காந்து சொல்றேன்."

"இது யாரு போட்ட சட்டம்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான்தான் போட்டேன். வேற யாராச்சும் இந்த மழையில உக்காருறேன்னா எந்திரிச்சுக் குடுத்துர்றேன்."

அந்த இடத்தை யாரும் கேட்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து ஒரு கதிரையும் ரப்பர் சீட்டும் வந்தன. வீரம்மா ஆறு நாள் அந்த மேட்டில் உட்கார்ந்து டிராக்டர்களை ஏற்றி இறக்கினாள். இழுப்புக்குப் பயந்து கழுத்தில் கம்பளித் துண்டு. இரண்டாம் நாள் மாலை நாலு ஒட்சிசன் சிலிண்டர்கள் வைக்கோல் மெத்தையில் படுத்தபடி அவளைத் தாண்டிப் போயின. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எதுவும் தீர்ந்துபோகவில்லை.

தொலைபேசி உயிர்பெற்ற அன்று அவள் முதலில் கூப்பிட்டது சஞ்சயனைத்தான்.

"மொத நாளு சரியாச் சொன்னேன் சேர். மத்த ரெண்டு நாளும் தப்பு. கையெழுத்து வேற போட்டுக் குடுத்துட்டேன்."

"என்னெண்டு பிழைச்சது? ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ, அக்கா" என்றார். அவள் முக்கால் மணிநேரம் சொன்னாள். அந்தத் தோட்டத்துப் பாதை உங்களது படத்தில் எங்கே இருக்கிறது என்று இடையில் கேட்டாள். அவர் தேடிப் பார்த்தார். இல்லை. அது கம்பனிக்குச் சொந்தமான பாதை, அரசாங்கத்தின் பட்டியலில் வராது.

"அப்ப உங்க கம்ப்யூட்டருக்கு இப்பிடி ஒரு மலை இருக்கிறதே தெரியாது."

"தெரியாது" என்று ஒப்புக்கொண்டார் சஞ்சயன். அவரது குரலில் வருத்தம் இல்லை; தேடிய சாமான் கிடைத்த மனிதனின் குரல்.

இரண்டு மாதம் கழித்து, மாவட்டச் செயலகமான நுவரெலியாக் கச்சேரியில் கூட்டம். திட்டப் பிரிவின் பணிப்பாளர் வந்திருந்தார், நரைத்த தலை, மரியாதையாகப் பேசும் சிங்கள மனிதர். சஞ்சயன் தன் பங்கைப் பேசிவிட்டு, நோர்வூட்டிலிருந்து வந்திருக்கும் இவர்தான் மீதியைச் சொல்லவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். வீரம்மா எழுந்து சிங்களத்திலேயே சொன்னாள். கொப்பியைத் திறக்கவில்லை. மதகு, பட்டறி, கொழுந்து, வேலி, டிராக்டர் என்று நடந்தது நடந்தபடி.

பணிப்பாளர் கேட்டுவிட்டு, "நல்லது, அம்மா. ஆனால் மக்கள் இப்படிச் செய்வார்கள் என்று நம்பி ஒரு நாட்டுக்குத் திட்டம் போட முடியுமா? ஒவ்வோர் ஊரிலும் யார் என்ன செய்வார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"தெரிய வேண்டியதில்லை, ஐயா. எங்களுக்கே முதல் நாள் தெரியாது. செய்வதற்கு ஒரு வழி இருந்தால் செய்வோம். நீங்கள் நாலையும் ஒரே குழியில் போட்டால் எங்களுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. ஒன்றை இந்தப் பக்கம் கொண்டுபோங்கள், ஒன்றை மலைக்கு மேலால் கொண்டுபோங்கள். அந்தப் பாதையைக் கல் போட்டு வையுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

கூட்டத்தில் ஒருவர் மெல்லச் சிரித்தார். பணிப்பாளர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

கேட்டது எல்லாம் நடந்ததென்று சொல்லமுடியாது. மின்கம்பி மலை முதுகின் வழியாக மாறியது. கேபிள் ஆற்றின் மறுகரையில் போனது. தோட்டத்துப் பாதையைக் கம்பனியோடு பேசிப் பட்டியலில் சேர்த்து, செங்குத்தான மூன்று இடத்தில் கொங்கிறீட் போட்டார்கள். தண்ணீர்க்குழாய் மட்டும் பழைய இடத்திலேயே வந்தது. குழாய் வந்து இறங்கிவிட்டது, அளவு வெட்டியாகிவிட்டது என்றார்கள். பெரிய பாலத்தை அகலமாக்கும் வேலை தள்ளிப்போனது. அதனால் கடைவீதியில் பாதிப்பேருக்கு வீரம்மாமேல் கோபம். பாலம் பெரிதானால் வியாபாரம் பெருகும் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் மாயாண்டி ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை. அவள் ஒவ்வொரு காலையும் அவரிடமே பாண் வாங்கினாள், காலை வணக்கமும் சொன்னாள். ஆறாம் மாதம் அவருக்கே அலுத்துப்போனது.

2007இல் சவுக்கு முடக்கு மறுபடி இறங்கியது. விளக்கு அணையவில்லை. தொலைபேசி சாகவில்லை. பஸ்கள்கூட இரண்டாம் நாளே மலைமேலால் ஊர்ந்து வந்தன. தண்ணீர் மட்டும் ஒன்பது நாள் வரவில்லை. வீரம்மாவும் மற்றப் பெண்களோடு, மலை ஊற்று விழும் பீலிக்கரைக்குக் குடம் தூக்கினாள். ஒன்பதாம் நாள் மாலை பணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினாள், சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. குழாயைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் ஒன்பது நாளில் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது.

அதற்குள் எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி வந்துவிட்டது. கூண்டுக்குள் யாரும் போவதில்லை. வீரம்மா அதற்காகக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கவில்லை. இப்போது சாரதிகள் நின்ற இடத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டார்கள். முன்பு ஒரு கடைக்கு வந்து சேர்ந்த செய்தி, இப்போது பத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. கூண்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு மேசை போட்டாள்.

2008இல் ஒரு பதிவுத் தபால் வந்தது. மத்திய மலைநாட்டில் பாதை, மின்சாரம், நீர் வேலைகள் எதைத் தொடங்கினாலும் ஊர் நிலைமையைக் கேட்டறிந்து சொல்ல ஆறு பேரை நியமிக்கிறார்கள். அவளும் ஒருத்தி. கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, பெயர் 'வீரமணி' என்று இருந்தது. கந்தப்பன் மகிழ்ச்சியோடு அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார்.

"பேரு தப்பாயிருக்கு. தமிழ்ல ஒரு பிரதி இல்ல. இதை மாட்டினா நாளைக்கி யாரோ வீரமணி வந்து வேலை கேப்பா" என்று சொல்லி, அவள் அதைத் திருப்பி அனுப்பினாள்.

கந்தப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். வேலையும் போய்விடும் என்று அழகுமுத்துவும் பயந்தார். வீரம்மா பயப்படவில்லை. மூன்று வாரத்தில் இரண்டு மொழியிலும், சரியான பெயரோடு, வேறு கடிதம் வந்தது.

முதல் வேலை நோட்டன் பிரிட்ஜில். அங்கே ஒரு புதிய பாதைக்கு அளவுக்கம்பி நட்டிருந்தார்கள். இளம் பொறியியலாளர் ஒருவர் வரைபடத்தை விரித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். வீரம்மா பஸ்ஸைவிட்டு இறங்கி, அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, படத்தை மடித்துக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இதைப் பொறகு பாப்போங்க சேர். மொதல்ல அந்த டீக்கடையில போயி உக்காருவோம். லொறிக்காரங்க எல்லாம் அங்கதான் நிக்கிறாங்க."